எந்த ஸ்கேனும் அப்படிச் சொல்லவில்லை: எங்கள் ஊர் ஓண விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் எங்கள் ஊர்க் கலை, விளையாட்டு மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், விழாக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டு ஓண விழா நோட்டீஸ், நன்கொடை ரசீதோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் 'நகைச்சுவை அரங்கம், தனிநபர் மற்றும் குழு, ஆண்கள் மட்டும்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பெண்களுக்கு அத்தப்பூக் கோலம், கைகொட்டிக் களி, இசை நாற்காலி. பட்டிமன்றத்தின் தலைப்பு 'நகைச்சுவை உணர்வு ஆண்களுக்கு இயல்பா, பெண்களுக்குப் பயிற்சியா' என்பது. பேச்சாளர்கள் ஆறு பேரும் ஆண்கள், நடுவரும் ஆண். பக்கத்தின் அடியில் கட்டம் போட்டு 'அறிவியல் துளி' என்று ஒரு செய்தி: பெண்களின் மூளை நகைச்சுவையைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நிரூபித்துவிட்டதாம்.

செயலாளர் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "அறிவியல் சொல்வதைத்தானே போட்டிருக்கிறோம், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்ன அந்த அறிவியலிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. பிரிவில் ரேடியோகிராபராக வேலை செய்கிறேன். நோயாளியைப் படுக்க வைத்து, தலையைச் சுற்றிக் கூடு பொருத்தி, கையில் அழைப்பு மணியைக் கொடுத்து, "அசையாமல் படுத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுப்பது என் வேலை. மூளையின் படங்கள் தினமும் என் திரையில் ஓடுகின்றன. ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் சாட்சிக்கு இழுத்த ஆய்வைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நோட்டீஸ் எழுதியவர் அந்த வேலையைச் செய்யவில்லை.

அந்த ஆய்வு 2005 நவம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் வெளிவந்தது. எய்மன் அசிம், டீன் மாப்ஸ், ஆலன் ரைஸ் ஆகியோர் அதை எழுதியவர்களில் உள்ளவர்கள். 10 ஆண்கள், 10 பெண்கள், ஆக மொத்தம் 20 பேர். அவர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து 70 கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்களைக் காட்டினார்கள். வேடிக்கையாக இருக்கிறதா இல்லையா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த அளவுக்கு வேடிக்கை என்று மதிப்பெண்ணும் போட வேண்டும்.

முடிவு என்ன? எத்தனை கார்ட்டூன்கள் சிரிப்பூட்டின என்பதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபாடு இல்லை. போட்ட மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. வேடிக்கையானதை வேடிக்கை என்று கண்டுகொள்ள எடுத்த நேரத்திலும் இல்லை. நேரத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு வேறுபாடுதான் வருகிறது. வேடிக்கையில்லாத கார்ட்டூனை 'இது தேறாது' என்று ஒதுக்குவதில் பெண்கள் வேகமாக இருந்தார்கள். உங்கள் கட்டத்துக்குள் இருக்கும் வரிக்கு இது நேர் எதிர். நம் நகைச்சுவை அரங்கத்தைப் பல ஆண்டுகள் பெண்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிற எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் வியப்பு ஒன்றுமில்லை.

மூளைக்குள் பார்த்தபோதும் பெரும்பகுதி ஒன்றாகவே இருந்தது. ஒரு நகைச்சுவையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு விஷயங்கள் மோதுகின்றன. அந்த மோதலைக் கண்டுபிடிக்கும் பகுதிகளும் சொற்களின் பொருளைக் கையாளும் பகுதிகளும் இரு பாலருக்கும் ஒரே மாதிரி வேலை செய்தன. வேறுபாடு இரண்டு இடங்களில் தெரிந்தது. மொழியையும், யோசித்துச் சீர்தூக்கும் வேலையையும் கவனிக்கிற இடது முன்நெற்றிப் பகுதி பெண்களிடம் கூடுதலாக இயங்கியது. மூளையின் ஆழத்தில் 'நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ்' என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. எதிர்பாராத பரிசு கிடைக்கும்போதும், பணம் வெல்லும்போதும், பிடித்ததைச் சாப்பிடும்போதும் இயங்குகிற இடம். அதுவும் பெண்களிடம் கூடுதலாக இயங்கியது. கார்ட்டூன் எவ்வளவுக்கெவ்வளவு வேடிக்கையோ அவ்வளவுக்கு அதன் இயக்கமும் ஏறியது.

இதற்கு ரைஸ் தந்த விளக்கம் இது: பெண்கள் பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல் கார்ட்டூனைப் பார்த்தார்கள், அதனால் கடைசியில் வேடிக்கை வந்து விழுந்தபோது கிடைத்த மகிழ்ச்சி அதிகம். ஆண்கள் சிரிப்பு வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. இது அவர்களுடைய விளக்கம் மட்டுமே. ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது என்பதிலிருந்து உள்ளே இன்ன எண்ணம் ஓடியது என்று பின்னோக்கிச் சொல்வதில் எப்போதும் வழுக்கல் உண்டு. நானும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'பெண்களுக்கே நகைச்சுவை அதிகம் புரியும்' என்று எதிர் நோட்டீஸ் அடிக்கப் போவதில்லை. அடித்தால் அது உங்கள் கட்டத்தைப் போலவே தவறாகிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன், இது நான் தினமும் புழங்குகிற இடம். இந்த வகை ஸ்கேன் எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. 1990இல் செய்ஜி ஒகாவா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் காட்டிய ஒரு வழி இருக்கிறது. ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப் புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத்தான் இயந்திரம் அளக்கிறது. அது உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடிகள் ஆகும். மாற்றமும் மிகச் சிறியது, நூற்றில் ஒன்றோ சில பங்குகளோதான். பத்திரிகையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று தெரிகிற புள்ளிகள் பல பேரின் அளவுகளைக் கூட்டிக் கழித்துப் புள்ளியியல் கணக்குப் போட்ட பிறகு பூசிய நிறம். நோயாளி இருமினாலே எனக்குப் படம் கெட்டுவிடும். அங்கே படுத்துக்கொண்டு யாரும் வயிறு குலுங்கச் சிரிக்க முடியாது. காதை அடைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல், இரைச்சலுக்கு நடுவில் தனியாகப் படுத்து, அமெரிக்கக் கார்ட்டூன் பார்த்த 20 பேரைப் பற்றிய முடிவை எடுத்துவந்து, விளக்கு வெளிச்சத்தில் ஊரே கூடி உட்கார்ந்து சிரிக்கிற நம் மைதானத்தின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள்.

இருபது பேர் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் வடம் இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் நிற்கிறவர்களைக் கூட்டினால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்துச் செய்கிற மூளை ஆய்வுகளின் முடிவுகள் மறுபடி சோதிக்கும்போது நிற்காமல் போக வாய்ப்பு அதிகம் என்று 2013இல் நரம்பியல் துறைக்குள்ளேயே பலமாக எச்சரித்தார்கள். 2015இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயலும் மற்றவர்களும் 1,400க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முழுக்க 'ஆண் பக்கத்து' அம்சங்கள் மட்டும் கொண்ட மூளையோ முழுக்க 'பெண் பக்கத்து' அம்சங்கள் மட்டும் கொண்ட மூளையோ அபூர்வம், பெரும்பாலான மூளைகள் கலவையானவை என்றார்கள். கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், மூளைப் படத்தைப் பார்த்தே அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று பெரும்பாலும் சரியாகவே பிரித்துவிடும் என்று மறுத்து எழுதியவர்களும் உண்டு. அந்த வாதம் முடியவில்லை. முடியாத வாதத்தை 'நிரூபித்துவிட்டது' என்று நம் பாடசாலைப் பிள்ளைகள் படிக்கிற நோட்டீஸில் போடலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரைஸும் அவருடைய குழுவும் யாரை மேடையேற்றலாம் என்று முடிவு செய்ய இந்த ஆய்வில் இறங்கவில்லை. மன அழுத்த நோயைப் புரிந்துகொள்ள இது உதவும் என்று நம்பினார்கள். அந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. மகிழ்ச்சி தர வேண்டியது மகிழ்ச்சி தராமல் போவது அதன் அறிகுறிகளில் ஒன்று. சிரித்தவுடன் தசைகள் வலுவிழந்து ஆள் அப்படியே சரிந்துவிடுகிற கேட்டாப்ளெக்ஸி என்ற அரிய நோயைப் பற்றியும் அவர்கள் யோசித்தார்கள். தலைவலி, தலைசுற்றல், தூக்கமில்லை என்று எங்கள் பிரிவுக்கு வருகிற பெண்களில் பலருடைய படங்களில் ஒரு கோளாறும் இருக்காது. கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குத்தான் ஸ்டான்ஃபோர்டு ஆய்வைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

சிரிப்பே வராதவர்கள் என்று நீங்கள் நினைக்கிற பெண்கள் அந்த அறையில் என்னென்ன சொல்கிறார்கள் தெரியுமா? குளச்சல் பக்கத்திலிருந்து வந்த, மீன் விற்கிற ஒரு வயதான அம்மா, ஸ்கேன் முடிந்து எழுந்ததும் முதல் வேலையாக என்னிடம் கேட்டது: "மக்களே, படத்தில் மூளை இருந்ததா? இல்லை என்று என் வீட்டுக்காரர் முப்பது வருடமாகச் சொல்கிறார். ஒரு காப்பி தா, கொண்டுபோய்க் காட்ட வேண்டும்." அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. அளந்திருந்தால் உங்கள் கட்டத்துக்கு அனுப்பியிருப்பேன்.

அடுத்து, ஆய்வு அளந்தது கார்ட்டூனை ரசிப்பதை. மேடையில் நீங்கள் தடுத்தது நகைச்சுவை செய்வதை. இரண்டும் வேறு. நகைச்சுவை செய்வதைப் பற்றியும் ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றில் எனக்குச் சாதகமில்லாததையும் மறைக்காமல் சொல்கிறேன். 2011இல் கலிபோர்னியாவில் லாரா மிக்ஸும் மற்றவர்களும் 16 ஆண்களையும் 16 பெண்களையும் கார்ட்டூன்களுக்குத் துணுக்கு வரி எழுதச் சொன்னார்கள். எழுதியது யார் என்று தெரியாமல் மதிப்பெண் போட்டபோது ஆண்கள் ஐந்துக்கு 0.11 புள்ளி முன்னால் வந்தார்கள். பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடைவெளி. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. எந்த வரியை எழுதியது ஆண், எந்த வரியை எழுதியது பெண் என்று பிறகு நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, நன்றாக இருந்த வரிகளை ஆண் எழுதியதாகத் தவறாக நினைவு வைத்திருந்தார்கள், பெண்களும்தான். 2020இல் 28 ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியில் ஆண்கள் சற்று முன்னால் இருந்தார்கள். இயற்கையா, 'நீ சிரிக்க வை, நீ சிரி' என்று சிறுவயது முதல் பிரித்து வளர்ப்பதா, காரணம் எது என்று அதை எழுதியவர்களே அறுதியிடவில்லை.

சராசரியை நான் ஒப்புக்கொள்கிறேன். சராசரி மேடை ஏறுவதில்லையே. மேடை ஏறுவது ஒரு ஆள். உயரத்தின் சராசரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருக்கிற வேறுபாடு இதைவிட மிகப் பெரியது. அதற்காக உறியடியில் நிற்கிற குட்டையான ஆண்களை நீங்கள் விரட்டுவதில்லை. யாருக்குச் சிரிப்பூட்டத் தெரியும் என்று கண்டுபிடிக்க நம்மிடம் ஸ்கேனரைவிட நம்பகமான ஒரு கருவி இருக்கிறது. அதற்குப் பார்வையாளர்கள் என்று பெயர்.

அந்தக் கருவி போன ஆண்டு என்ன காட்டியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நான் மறக்கவில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அக்காமார்கள் போட்ட குறுநாடகம் அது. அவர்களில் பெரும்பாலோர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்கிறவர்கள். பகலெல்லாம் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்து, தொலி உரித்து, பால் பட்டுக் கறுத்த கையோடு மாலையில் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் ஒத்திகை பார்த்தார்கள். வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் ஒன்று சொல்ல, அடுத்தவர் அதன்மேல் ஒன்று வைக்க, அப்படியே திரண்டு வந்தது. நாடகத்தின் கதை, ஓர் ஊர் விழாக் குழு வரவு செலவுக் கணக்கு வாசிப்பது. செயலாளராக நடித்த அக்கா வேட்டியும் ஒட்டு மீசையுமாக வந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "உறியடிப் பானை ஒன்று, இருநூறு ரூபாய். பானையை உடைக்கக் கம்பு ஒன்று, முந்நூறு ரூபாய். பானை உடைந்ததா என்று உறுதி செய்ய மூவர் குழு, உணவு உட்பட இரண்டாயிரம் ரூபாய்." கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "போன வருடம் வாங்கிய வடம் எங்கே?" என்கிறார். "இழுத்ததில் வடம் நீண்டுவிட்டது. நீண்ட பகுதியை மட்டும் தலைவர் வீட்டில் ஆடு கட்டி வைத்துப் பத்திரமாகப் பாதுகாக்கிறோம்."

மைதானம் சிரித்தது. ஆண்கள் பக்கமும்தான் சிரித்தது. சைக்கிளில் சாய்ந்து நின்று பார்த்த பையன்கள் கைதட்டிய சத்தத்தில் அடுத்த இரண்டு வசனங்கள் எனக்குக் கேட்கவில்லை. முன்வரிசையிலிருந்து மட்டும் சிலர் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். அடுத்த வாரம் மன்றத்தில் 'கண்ணியம்' என்ற பேச்சு எழுந்தது. ஆண்கள் கலைக் குழு பெண் வேடமிட்டு இடுப்பை ஆட்டி மாமியாரையும் மருமகளையும் கேலி செய்த ஆண்டுகளில் அந்தப் பேச்சு எழவில்லை. கண்ணியத்தைக் காரணமாக எழுதினால் எந்தக் கண்ணியம் என்று ஊர் கேட்கும். அறிவியல் என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டீர்கள்.

அன்றைக்கு அந்த நகைச்சுவை பெண்களுக்குப் புரிந்தது, ஆண்களுக்கும் புரிந்தது, உங்களுக்கு எல்லோரையும்விட நன்றாகவே புரிந்தது. இந்த ஆண்டு நோட்டீஸில் 'ஆண்கள் மட்டும்' என்ற சொற்கள் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். இல்லை என்றால் எழுத்தில் மறுங்கள், திருத்திக்கொள்கிறேன். கணக்கில் தவறு இருக்கிறது என்று அந்த அக்காமார்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கணக்கு வாசிக்கிற முறையைக் கேலி செய்தார்கள். ஆண்டுதோறும் ரசீதுக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

1993இல் ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளரின் ஆட்கள் கடைவீதிகளிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, ஏறக்குறைய 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார்கள். முக்கால் பங்குக்கும் மேற்பட்ட சிரிப்புகள் நகைச்சுவை என்று சொல்லத்தக்க எதற்கும் பின்னால் வரவில்லை. சாதாரணப் பேச்சுக்குப் பின்னால், உறவின் அடையாளமாக வந்தன. பெண் பேசி ஆண் கேட்கும்போது, பேசிய பெண் சிரித்த அளவில் பாதிகூட அந்த ஆண் சிரிப்பதில்லை. ஆண் பேசிப் பெண் கேட்டால் கேட்கிறவள் அவனைவிடச் சற்று அதிகமாகவே சிரிக்கிறாள். இது மூளைக்குள் எங்கே இருக்கிறது என்று அவர் தேடவில்லை, தேடவும் தேவையில்லை. வீட்டுத் திண்ணையிலும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் நாம் பார்ப்பதுதான். சிரிப்பது ஒரு மரியாதையாகவும் இருக்கிறது, அந்த மரியாதை நம் மைதானத்தில் ஒரு பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஆண்டு ஒரே ஒரு மணி நேரம் மற்றப் பக்கமும் ஓடியது.

நாஞ்சில் நாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இதைச் செய்கிறோம் என்பது எனக்கு இன்னும் வருத்தம். 1908இல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பெயரைச் சொல்லாமல் நம் மேடையில் எந்த நகைச்சுவை நிகழ்ச்சியும் தொடங்குவதில்லை. அவரோடு சரிக்குச் சரியாக நின்று சிரிக்க வைத்த டி.ஏ. மதுரத்தின் பெயரை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இணையில் ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவருக்கு யாரோடு வாய்ச்சண்டை? தேரூரில் பிறந்த கவிமணி, சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகிற மருமக்கள் வழிச் சொத்துரிமையின் கொடுமையை எள்ளி நகையாட நினைத்தபோது, தன் குரலில் அதைச் சொல்லவில்லை. 'மருமக்கள் வழி மான்மியம்' முழுவதையும் ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாயால் சொல்ல வைத்தார். வீட்டுக்குள் நடப்பதை யார் கேலி செய்தால் உறைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்டி ஆபீஸ் அக்காமார்கள் அந்த நூலைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே அதே வழியில் வந்து சேர்ந்தார்கள்.

நோட்டீஸால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். மார்த்தாண்டம் பஸ்ஸில் வருகிற நடத்துநரையும், ரப்பர் ஷீட் விலை கேட்டுச் சண்டை போடுகிற தாத்தாவையும், பல் வலியோடு பாடம் நடத்துகிற ஆசிரியரையும் அவள் செய்து காட்டினால் எதிரில் இருப்பவர் உட்கார்ந்துவிடுவார். தனிநபர் போட்டிக்கு இரண்டு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "சித்தி, நிஜமாகவே எங்கள் மூளை மெதுவா?" என்று கேட்டாள். அவள் உயிரியல் படிக்கிறவள். மன்றத்தின் முத்திரையோடு அச்சில் வந்ததை நம்புவதா, தன்னை நம்புவதா என்று அவளுக்குக் குழப்பம். ஆய்வை அவளுக்கு விளக்கிவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் பக்கத்திலிருந்தும் அவளுக்கு வர வேண்டும்.

ஆகவே இவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

நகைச்சுவை அரங்கத்தின் இரண்டு பிரிவுகளிலும் 'ஆண்கள் மட்டும்' என்பதை நீக்கி, பெயர் பதிவு செய்யும் கடைசி நாளைத் தள்ளி வையுங்கள். இரண்டு வார அவகாசமாவது வேண்டும், ஏனென்றால் நோட்டீஸைப் பார்த்துப் பலர் ஒத்திகையை நிறுத்திவிட்டார்கள்.

'அறிவியல் துளி' கட்டத்தில் சொன்னது தவறு என்று மறுப்பை அடுத்த நோட்டீஸில் அதே அளவில், அதே பக்கத்தில் போடுங்கள். விழா நாளில் ஒலிபெருக்கியிலும் வாசியுங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், நான்கு வரிக்கு மேல் போகாது. ஆய்வின் பிரதியையும் தருகிறேன், குழுவில் ஒருவராவது படிக்க வேண்டும்.

பட்டிமன்றத் தலைப்பை மாற்றுங்கள். மாற்ற மனமில்லை என்றால் ஆறு பேச்சாளர்களில் மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். அந்தத் தலைப்பை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

சுயஉதவிக் குழுவின் நாடகத்துக்கு இரவு எட்டரை மணிக்குள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெண்களின் நிகழ்ச்சிகளை நள்ளிரவுக்குத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. விடிவதற்கு முன் எழுந்து சோறு வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த நேரத்தில் மேடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. நாடகத்தின் வசனத்தை முன்கூட்டியே குழுவிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஆண்கள் குழுக்களுக்கு இல்லை. இவர்களுக்கும் வேண்டாம்.

நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்கிற துணைக் குழுவில் இரண்டு பெண்களைச் சேருங்கள். போட்டி நடுவர்களிலும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

மன்றத்தின் பொதுக்குழு விழாவுக்கு முன்பு கூடும் என்று அறிகிறேன். அந்தக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, குழுவின் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். எங்கள் வீட்டு ரசீதுப் பணத்தை அதுவரை கட்டாமல் வைத்திருக்கிறேன். தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். முடிவு வந்த அன்றே பொருளாளரிடம் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
மன்றத்தின் உறுப்பினர் வீட்டுப் பெண் ஒருத்தி
(பெண்களுக்கு மன்றத்தில் உறுப்பினர் அட்டை கிடையாது என்பதால் இப்படித்தான் கையெழுத்திட முடிகிறது. அதைப் பற்றித் தனி மடல் எழுதுவேன்.)